நிழல் விழாத வெளிச்சம்

ஐம்பத்து மூன்றாம் வருஷம் வைகாசி மாதத்தில் சண்முகராஜாவின் வலது கை முறிந்தது. ஹட்டன் கடைத்தெருவில் அவருடைய ஸ்டூடியோ ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. வடக்குப் பக்கக் கூரையில் ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டிருந்தார். அந்தக் கண்ணாடியில் பாசி பிடித்து வெளிச்சம் குறைந்துவிட்டதென்று ஏணி வைத்து ஏறித் துடைத்தவர், ஏணி வழுக்கிக் கீழே விழுந்தார். ஆஸ்பத்திரியில் தோளிலிருந்து விரல் வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு, இரண்டு மாதம் கையை அசைக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அது வேலை குவிந்துகிடந்த சமயம். தேயிலைத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்குப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டுப் படத்துக்காக தினமும் படியேறி வந்துகொண்டிருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு உட்கார முடியாது.

"நான் எடுக்குறேன்," என்றாள் அவர் மனைவி சீதாலெட்சுமி.

கட்டிலில் படுத்திருந்த சண்முகராஜா சிரித்தார். அவள் ஒன்பது வருஷமாக அவருக்குப் படம் கழுவிக் கொடுப்பவள். சிவப்பு விளக்கின் கீழே எந்தத் தட்டில் எவ்வளவு நேரம் ஊறவேண்டும் என்பது அவருக்கு மறந்தாலும் அவளுக்கு மறக்காது. ஆனால் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றதில்லை.

"கழுவுறது வேற, எடுக்குறது வேற சீதா."

"சொல்லிக் குடுங்க. கைதானே முறிஞ்சிருக்கு, வாய் நல்லாத்தானே இருக்கு."

அவர் சிரிப்பை நிறுத்தினார். பிறகு ஒரு முட்டை கொண்டுவரச் சொன்னார்.

"திங்கவா?"

"பாக்க."

ஜன்னலோரம் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் முட்டையை வைக்கச் சொன்னார். எந்த இடம் ரொம்ப வெளுப்பு, எந்த இடம் ரொம்பக் கறுப்பு என்று பார்த்து சிலேட்டில் வரைய வேண்டும். முதல் நாள் அவள் ஒரு வட்டம் போட்டு, ஜன்னலுக்கு எதிர்ப்பக்க ஓரத்தைக் கறுப்பாக்கிக் கொண்டுபோனாள். அவர் தலையாட்டி, திரும்பப் பார் என்றார். இரண்டாம் நாளும் அதே பதில். மூன்றாம் நாள் அவளுக்கு எரிச்சல் வந்தது. முட்டையை அவர் தலையிலேயே உடைக்கலாமா என்றுகூட நினைத்தாள். நாலாம் நாள் காலையில், அடுப்பில் பால் பொங்குவதைக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, சட்டென்று தெரிந்தது. ஓரத்தில் கறுப்பு இல்லை. கறுப்பு கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. ஓரத்தின்மேல் கீழே விரித்த துணியிலிருந்து வெளிச்சம் திரும்பி வந்து விழுந்துகொண்டிருந்தது.

சிலேட்டைப் பார்த்த சண்முகராஜா "ம்" என்றார். அவரிடமிருந்து அது பெரிய மெச்சல்.

"முட்டைக்கு என்ன சட்டமோ மூஞ்சிக்கும் அதேதான். வெள்ளைத் துணியப் பக்கத்துல பிடிச்சா நிழல் இளகும். கறுப்புத் துணியப் பிடிச்சா இறுகும். மூக்கோட நிழல் உதட்டத் தொடக்கூடாது. வெளிச்சத்த நேரா பாக்காத, நிழலப் பாரு. வெளிச்சம் எங்க நிக்குது, எவ்வளவு ஒசரத்துல நிக்குதுன்னு நிழலே சொல்லிரும். வெளியில எடுத்த படமா இருந்தா மணி என்னன்னுகூடச் சொல்லிரலாம்."

அடுத்த வாரம் மருந்துப் புட்டிகளை ஒரு குடும்பம் மாதிரி மேசையில் நிறுத்தச் சொன்னார். உயரமானது பின்னால், குட்டையானது முன்னால் என்று அவள் ஒழுங்காக வைத்தாள். இரண்டு புட்டிக்கு நடுவே நாலு விரல் இடைவெளி விழுந்திருந்தது.

"மொதல்ல உன் கண்ணு எங்க போகுது?"

அவள் விரல் அந்த இடைவெளியைத் தொட்டது.

"பாத்தியா. அஞ்சு ஆள நிறுத்தி நடுவுல ஒரு சந்து விட்டா, பாக்குறவன் அஞ்சு பேரையும் பாக்கமாட்டான். சந்தைத்தான் பாப்பான்."

ஆனி பிறந்தபோது அவள் தனியாகவே படம் எடுத்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துப் பெண்களுக்கு அவளிடம் கூச்சமில்லை. தாடையைத் தொட்டுத் திருப்பினால் திருப்பிய பக்கம் பார்த்தார்கள். வாடிக்கையாளர் போன பிறகு சண்முகராஜா படத்தை வாங்கிப் பார்த்துக் குறை தேடுவார். குறை கிடைக்காத நாளில் தேத்தண்ணியைக் குறை சொல்வார்.

அந்த மாதத்தில்தான் வீரய்யாவும் அவன் பெண்சாதி மீனம்மாவும் வந்தார்கள். டயகமப் பக்கத்துத் தோட்டத்தில் மேட்டு லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள். ஆடியில் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போகிறார்கள். பாஸ்போர்ட்டுப் படம் ஏற்கெனவே எடுத்தாயிற்று. இப்போது லயத்து வாசலில் வைத்து எல்லாரும் சேர்ந்து ஒரு படம் வேண்டும் என்றார்கள்.

"இங்கேயே கூட்டிட்டு வரலாமே," என்றார் சண்முகராஜா.

"எங்க அம்மா இனி லயத்த விட்டு எறங்கமாட்டாங்கய்யா," என்றாள் மீனம்மா. "அங்க வச்சு எடுத்தாத்தான் ஊருக்குக் கெளம்புவேன்னு ஒரே பிடியா நிக்கிறாங்க."

மனைவியை அவ்வளவு தூரம் அனுப்ப சண்முகராஜாவுக்கு மனமில்லை. மீனம்மா கூடவே இருந்து கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னதால் சம்மதித்தார். "அந்தப் பக்கம் காலையில பனி இருக்கும். பயப்படாத. அதவிட நல்ல வெளிச்சம் கிடையாது. ஆகாசமே வெள்ளைத் துணி. நிழலே விழாது," என்று சொல்லி அனுப்பினார்.

தலவாக்கலை வழியாக பஸ்ஸில் போனார்கள். வீரய்யா கேமராவின் முக்காலியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மீனம்மா ஒரு தடவை மட்டும் சீதாவின் காதருகே குனிந்து, "அம்மா ஏதாச்சும் ஒரு மாதிரியா பேசுனா மனசுல வச்சுக்காதீங்க," என்றாள்.

லயம் மேற்குப் பார்த்து இருந்தது. முன்னால் ஒரு சின்ன வாசல், அதற்கப்பால் மலைச்சரிவு. சரிவு முழுவதும் பனியில் மறைந்திருந்தது. காலையில் பேர் குடுக்கப் பெரட்டுக் களத்துக்குப் போன ஆட்கள் மலைக்கு ஏறிவிட்டதால் மற்ற வீடுகளில் சத்தமில்லை. மணி பத்து. சீதா தன் கையை விரித்துத் தரையின்மேல் பிடித்துப் பார்த்தாள். நிழல் விழவில்லை. அவர் சொன்னது சரிதான்.

மீனம்மாவின் அம்மா காளியாயி ஒரு தேயிலைப் பெட்டிமேல் நடுவே உட்கார்ந்தாள். இரண்டு பிள்ளைகளும் அவள் காலடியில். பின்னால் ஒரு பக்கம் வீரய்யா, அவனுக்கு அடுத்து மீனம்மா. கடைசியில் வீரய்யாவின் தம்பி பழனியாண்டி நின்றான். முப்பது வயதிருக்கும். கன்னம் ஒட்டி, தூக்கம் கெட்டவன் போலிருந்தான். அவனுக்கும் மீனம்மாவுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி இருந்தது. அதன் வழியாக வீட்டுக் கதவும், அதில் மாட்டியிருந்த இரும்புச் சங்கிலியும் தெரிந்தன.

"தம்பி, கொஞ்சம் நெருங்கி வாங்க," என்றாள் சீதா.

"அங்க ஆள் இருக்கு," என்றாள் காளியாயி, திரும்பிப் பார்க்காமல்.

மீனம்மா அருகில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். ராசம்மா என்று அவளுக்கு ஒரு தங்கச்சி. பழனியாண்டிக்குக் கட்டிவைப்பதாகப் பேசி வைத்திருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே ஆனி மாதம், மழையும் பனியுமாக இருந்த ஒரு நாள் மேல்மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனவள் திரும்பவே இல்லை. மூன்று நாள் தேடினார்கள். மேல்மலைக்குப் போகிற வழியில், ஆற்றோரத்தில் கூடை மட்டும் கிடைத்தது.

"செத்துட்டான்னு எல்லாரும் சொல்றாங்க. அம்மா ஒத்துக்கல. அவளும் படத்துல இருந்தாத்தான் வருவேங்கிறாங்க."

சீதா காளியாயியின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "நடுவுல இப்பிடி வெறும் இடம் இருந்தா படம் நல்லா வராதும்மா."

கிழவி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லாத பார்வைதான், ஆனாலும் சீதா எழுந்து கேமராவுக்குப் போய்விட்டாள். பழனியாண்டி தானாகவே இரண்டு எட்டு நகர்ந்து மீனம்மாவின் தோளை ஒட்டி நின்றான். இடைவெளி மூடிக்கொண்டது. கதவு மறைந்தது.

சீதா கறுப்புத் துணியைத் தலைமேல் போட்டுக்கொண்டு கேமராவின் பின்கண்ணாடியைப் பார்த்தாள். அந்தக் கேமராவில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அது அவளுக்குப் பழகிவிட்டது. தலைகீழாக வீரய்யா, தலைகீழாக மீனம்மா, பிள்ளைகள், கிழவி. மீனம்மாவுக்கும் பழனியாண்டிக்கும் நடுவே இடைவெளி. அதில் கதவு.

துணியை விலக்கி எட்டிப் பார்த்தாள். பழனியாண்டி மீனம்மாவை ஒட்டித்தான் நின்றான். மறுபடி துணிக்குள் போனாள். இடைவெளி இருந்தது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் துல்லியமாகத் தெரிந்தது.

மூன்றாவது தடவை அவள் வெளியே வந்து பார்க்கவில்லை. பயந்தால் கை நடுங்கும், கை நடுங்கினால் படம் கெடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். படம் பதிகிற கண்ணாடி பிளேட்டைச் செருகினாள். "யாரும் அசையாதீங்க," என்று சொல்லி லென்ஸ் மூடியைக் கழற்றி, ஒன்று, இரண்டு என்று எண்ணி மாட்டினாள். அதேபோல் இன்னொரு பிளேட். எண்ணும்போது எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஒரு காக்காய்கூடக் கத்தவில்லை. ஆனால் இரண்டு தடவையும் பழனியாண்டி சடாரென்று கதவுப் பக்கம் திரும்பினான்.

"அசையக் கூடாதுன்னேனே தம்பி."

"இல்லைங்கம்மா," என்று மட்டும் சொன்னான். நெற்றியில் வேர்த்திருந்தது. அந்தக் குளிரில்.

மறுநாள் மத்தியானம் இருட்டறையில் அவள் பிளேட்டுகளைக் கழுவினாள். நெகட்டிவில் வெளிச்சம் கறுப்பாகவும் நிழல் வெளுப்பாகவும் தெரியும் என்பதால் முதலில் புரியவில்லை. நடுவே ஒரு பட்டை அடர்த்தியாக இருந்தது. அதற்குள் வெளுப்பாக ஏதோ உருவம். காகிதத்தில் அச்செடுத்து, தட்டிலிருந்து தூக்கி ஜன்னலுக்குக் கொண்டுவந்து பார்த்தாள்.

குடும்பம் பனி வெளிச்சத்தில் நின்றது. ஒருவர் முகத்திலும் நிழல் இல்லை. பழனியாண்டியின் தலை மட்டும், திரும்பியதால், கலைந்துபோய்க் கண் மூக்கு இல்லாமல் ஒரு தீற்றலாக இருந்தது. அவனுக்கும் மீனம்மாவுக்கும் நடுவே இடைவெளி. கதவு. அந்தக் கதவின்மேல் மட்டும் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சங்கிலிக்குக்கூட ஒரு குட்டி நிழல் இருந்தது. வெயிலின் நடுவில் ஒரு பெண்ணின் நிழல் கதவில் விழுந்திருந்தது. தலையில் போட்ட கம்பளி, முதுகில் கூடை, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு. ஒரு கை தோளுக்கு மேல் தூக்கியிருந்தது.

நிழலுக்குரிய ஆள் இல்லை.

அவள் படத்தைக் கட்டிலுக்குக் கொண்டுபோனாள். சண்முகராஜா நெடுநேரம் பார்த்தார்.

"கேமராவோட மடிப்புத் துருத்தியில ஓட்டை இருக்கும். வெளிச்சம் புகுந்திருக்கும்."

இருட்டறையில் துருத்தியை விரித்து உள்ளே விளக்கைப் பிடித்துச் சோதித்தார்கள். ஊசிமுனை அளவுக்கும் ஓட்டை இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"எத்தனை மணிக்கு எடுத்தே?"

"பத்து."

"லயம் எந்தப் பக்கம் பாத்திருக்கு?"

"மேக்க."

அவர் படத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். அவளே சொன்னாள். "பத்து மணிக்கு சூரியன் லயத்துக்குப் பின்னால. கதவுல வெயில் விழ வழியே இல்லைங்க. நிழல் கிட்டத்தட்ட ஆள் ஒசரத்துக்கே விழுந்திருக்கு, அப்ப வெயில் ரொம்பத் தாழ இருந்திருக்கணும். இது சாயங்கால வெயில். அஞ்சு மணி இருக்கும்."

அவள் நிழலைச் சரியாகப் படித்திருந்தாள். அவர் "ம்" என்றுகூடச் சொல்லவில்லை. இடது கையால் படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"பென்சிலால தொட்டு அந்த நிழல அழிச்சிரு. பாவம், ஊருக்குப் போற சனம். நல்லபடியா போகட்டும்."

ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து அவள் முதல் பிளேட்டில் பென்சிலால் தீட்டி நிழலை மறைத்தாள். கதவு வெறும் கதவாயிற்று. இரண்டாவது பிளேட்டில் கை வைக்கவில்லை. அதில் நிழலின் கை கொஞ்சம் தாழ்ந்து முன்னால் வந்திருந்தது. அதையும் ஓர் அச்செடுத்துப் பையின் அடியில் வைத்தாள். ஏன் என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை படத்தைக் கொண்டுபோனாள். எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். மீனம்மா கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கி, பிள்ளைகளுக்குக் காட்டி, "நல்லா வந்திருக்கு," என்றாள். வீரய்யா தம்பியின் முகம் கலைந்ததைப் பார்த்துச் சிரித்து, நடுவே சந்து விழுந்ததும் அவன் அசைந்ததால்தான் என்றான். படம் காளியாயியின் கைக்குப் போயிற்று.

கிழவி அதைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலால் கதவைத் தடவினாள்.

"இங்க என்னமோ பூசியிருக்க."

சீதா பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"பூசுனத எடு தாயி. நான் பாக்கணும்."

அந்தக் குரலுக்கு எதிராகப் பொய் சொல்ல அவளால் முடியவில்லை. பையின் அடியிலிருந்து இன்னொரு படத்தை எடுத்துக் கொடுத்தாள். மீனம்மா எட்டிப் பார்த்து, "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். காளியாயி அழவில்லை. அவள் முகத்தில் சந்தோஷம் போன்ற ஒன்று வந்ததைப் பார்த்துத்தான் சீதாவுக்குக் குளிரெடுத்தது.

"எம் புள்ளதான். கூடையப் பாரு, எடது பக்கம் சாய்ச்சுப் போட்டிருக்கா." கிழவி நிமிர்ந்தாள். "இது எந்நேரத்து வெயில்?"

"சாயங்காலம்மா. அஞ்சு மணி இருக்கும்."

"அவ மலைக்குப் போன அன்னிக்குப் பூரா மழை. அஞ்சு மணிக்கு மட்டும் கொஞ்சநேரம் வெயில் அடிச்சுச்சு. கொழுந்து நிறுக்கிற எடத்துல நிக்கிறேன், கண்ணு கூசுச்சு." நிறுத்தி, மூச்சு வாங்கி, சொன்னாள். "அப்ப அவ வீட்டுக்கு வந்திருக்கா."

இத்தனை நாளும் ராசம்மா மேல்மலையிலிருந்து இறங்கவேயில்லை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். காளியாயி படத்தில் தூக்கியிருந்த கையின்மேல் விரலை வைத்தாள்.

"கதவத் தட்டுறா. அன்னிக்கு வீட்டுல யாரு இருந்தது?"

வீரய்யா மெதுவாகத் தலையைத் திருப்பித் தம்பியைப் பார்த்தான். அந்த நாளில் காய்ச்சலென்று பேர் குடுக்காமல் வீட்டில் படுத்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

பழனியாண்டி சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தான். பேச ஆரம்பித்தபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, யாரோ ஒருவருடைய கதையைச் சொல்வதுபோல.

"தேயிலை ஸ்டோர்ல வேலை செய்யிற ஒருத்தனோட அவ சிரிச்சுப் பேசுனான்னு யாரோ சொன்னாங்க அத்தை. எனக்குத் தாங்கல. தட்டுனா. 'குளுருது மச்சான், தொறங்க'ன்னா. உள்பக்கத்துச் சங்கிலியப் போட்டுட்டுப் படுத்திருந்தேன். 'சிரிச்சவங்கிட்டயே போ'ன்னேன். கொஞ்சநேரம் தட்டுனா. அப்புறம் நின்னுருச்சு. பக்கத்து வீட்டுக்குப் போயிருப்பான்னு நெனச்சேன். சத்தியமா அப்பிடித்தான் நெனச்சேன்."

மீனம்மா அவனை அடிக்க எழுந்தாள். வீரய்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டு வருஷமா சொல்லாம வச்சிருந்தியேடா," என்றாள் மீனம்மா.

"எங்க சொல்றது? அவ போகவே இல்லையே. தெனம் அஞ்சு மணிக்குத் தட்டுறா. இப்ப காலையிலயும் தட்டுறா. உங்க யாருக்கும் கேக்கல. நான் போயித் தொறந்தா வெறும் வாசல்."

சீதாவுக்கு எழுந்து ஓடவேண்டும் போலிருந்தது. காளியாயி பெட்டியிலிருந்து எழுந்து, மெல்ல நடந்து, பழனியாண்டியின் முன்னால் போய் நின்றாள். திட்டப்போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் குனிந்து அவன் தலையில் கை வைத்தாள்.

"நீ தொறந்து பாத்துட்டு மூடிர்ற. அதான் அவ உள்ள வரல. வான்னு கூப்பிட்டியா?"

அவன் இல்லையென்று தலையாட்டினான். அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.

சீதா ஐந்து மணிக்கு முன்னால் பஸ் ஏறிவிட்டாள். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னபோது சண்முகராஜா கடைசிவரை கேட்டுவிட்டு, அந்த இரண்டு பிளேட்டுகளையும் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைக்கச் சொன்னார். உடைக்கச் சொல்லவில்லை.

ஆடி மாதம் எட்டாம் தேதி, ஹட்டன் ஸ்டேஷனில் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போகிறவர்கள் தகரப் பெட்டிகளோடு குவிந்திருந்தார்கள். சீதா வழியனுப்பப் போனாள். வீரய்யாவும் மீனம்மாவும் பிள்ளைகளும் மட்டும் இருந்தார்கள். மீனம்மா பென்சில் தீட்டிய படத்தைத் துணியில் பொதிந்து இடுப்பில் செருகியிருந்தாள்.

"அம்மா வரலியா?"

"வரல. தம்பியும் வரலைன்னுட்டான். ரெண்டு பேருமா அங்கயேதான் இருக்கப்போறாங்களாம்." மீனம்மா ரயில் வரும் திக்கைப் பார்த்தபடியே பேசினாள். "கதவுச் சங்கிலி ரெண்டையும் கழட்டி எறிஞ்சாச்சு. கதவு தொறந்தேதான் கெடக்கு. குளுருக்குக் கம்பளியப் போத்திக்கிட்டு ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்திருக்காங்க. அஞ்சு மணியானா தம்பி வாசலப் பாத்து 'வா புள்ள'ங்கிறான். முந்தாநேத்து நல்லாத் தூங்குனான். ரெண்டு வருஷத்துல அவன் தூங்கிப் பாத்தது அன்னிக்குத்தான்."

ரயில் சத்தம் கேட்டது. ஆட்கள் பெட்டிகளைத் தூக்கினார்கள். மீனம்மா சின்னப்பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, சீதாவின் கையை ஒரு தடவை இறுக்கிப் பிடித்தாள்.

"நேத்துச் சாயங்காலம் அம்மா மூணு கோப்பையில தேத்தண்ணி ஊத்தி வச்சாங்க. நாங்க வெளிய சாமான் கட்டிக்கிட்டிருந்தோம். உள்ள அம்மாவும் தம்பியும் மட்டுந்தான். கழுவலாம்னு நாந்தான் போயி எடுத்தேன்."

"ம்?"

"மூணும் காலியா இருந்துச்சுங்க," என்றாள் மீனம்மா. பிறகு வீரய்யா கூப்பிட, ஓடிப்போய் ரயிலில் ஏறினாள்.